பந்தைக் கைவிட்டது யார்?

வாசகர் கேள்வி – பதில்: ஆங்கிலம்

இந்த மாதம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. செய்த தவறை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அடுத்தவர் அதைச் சொன்னால் எப்படிப் புரிந்துகொள்வது? அகராதியில் ‘தவறு’ என்ற ஒரே பொருளோடு முடிந்துவிடும் பல தொடர்கள் பேச்சில் ஒன்றுக்கொன்று வெகுதூரம். ஒன்று பொறுப்பைக் கேட்கும், ஒன்று மன்னிப்பைக் கேட்கும், ஒன்று வேலைக்கே உலை வைக்கும். அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நாகர்கோவிலில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளரின் மெயிலில் ‘லுக்ஸ் லைக் சம்ஒன் டிராப்ட் தி பால் ஆன் திஸ்’ என்று ஒரு வரி. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து, சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுப் பதில் அனுப்பிவிட்டேன். டீம் லீடர் கூப்பிட்டுக் கண்டித்தார். அதில் அப்படி என்ன இருக்கிறது? – வாசகர், நாகர்கோவில்

அது புகார். நயமாகச் சொல்லப்பட்ட, ஆனால் அழுத்தமான புகார். ‘உங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் தன் பொறுப்பில் இருந்த வேலையைக் கோட்டை விட்டுவிட்டார்’ என்கிறார் அவர். சிரிப்புப் பொம்மையைப் பார்த்ததும் ‘இவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை’ என்றுதான் நினைத்திருப்பார். டீம் லீடரின் கோபம் நியாயம்தான்.

இங்கே ‘பால்’ என்பது பந்து. தொடர் அமெரிக்க விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது. அவர்களுடைய ஃபுட்பாலில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பிடித்து ஓடுகிறவர் அதை நழுவவிட்டால் எதிரணி பாய்ந்து எடுத்துக்கொள்ளும். அதுவரை பத்துப் பேர் பட்ட பாடு வீண். நமக்குக் கிரிக்கெட்டை வைத்து யோசிப்பது எளிது. ‘கேட்ச் விட்டுட்டான்’ என்று யாரைச் சொல்கிறோம்? பந்து யார் கைக்கு வந்ததோ அவரை மட்டும்தான். தலைக்கு மேலே பறந்து எல்லையைத் தாண்டிய பந்துக்கு யாரையும் அப்படிச் சொல்வதில்லை.

இந்தத் தொடரின் உயிரே அந்த இடத்தில்தான். வேலை உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும், அது உங்களுடையது என்று நீங்களும் ஏற்றிருக்க வேண்டும், செய்திருக்கவும் முடிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொடர் பொருந்தாது. சர்வர் படுத்ததால் அறிக்கை போகவில்லை என்றால் யாரும் பந்தைக் கைவிடவில்லை. அறிக்கையில் ஓர் எழுத்து மாறிப்போனதற்கும் இதைச் சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டு, திங்கள்கிழமை அவரே கேட்கும்வரை அனுப்பாமல் இருந்தால் அதுதான் ‘டிராப்பிங் தி பால்’. தோவாளையில் பூக்கடைக்காரர் ஒருவர் முகூர்த்தத்துக்கு ஐம்பது மாலை கேட்டு வந்த போனை எடுத்து, ‘சரி’ என்றும் சொல்லி, நோட்டில் குறிக்காமல் விட்டால் அது இந்தத் தொடருக்கு அச்சு அசலான உதாரணம். மாலையில் ஒரு சரம் நிறம் மாறிப்போனால் அது வேறு வகைத் தவறு.

தமிழில் ‘கோட்டை விடுவது’ மிக நெருங்கி வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. நாம் பரீட்சையைக் கோட்டை விட்டேன், நல்ல விலைக்கு வந்த இடத்தைக் கோட்டை விட்டேன் என்று சொந்த நஷ்டத்துக்கும் சொல்வோம். ஆங்கிலத் தொடரில் பெரும்பாலும் நம்பியிருந்த இன்னொருவர் இருப்பார். நஷ்டம் அவருக்கும் சேரும்.

இனி அந்த வரியின் இலக்கணம். ‘தி’ என்பதை மாற்றக் கூடாது. ‘ஏ பால்’ என்றாலோ ‘மை பால்’ என்றாலோ நிஜமான பந்து கீழே விழுந்ததாகிவிடும். எந்த வேலையில் என்று சொல்ல ‘ஆன்’ வரும்: ‘ஆன் திஸ்’, ‘ஆன் தி பேமென்ட்’. நடந்து முடிந்ததற்கு ‘டிராப்ட்’. எழுவாயைக் கவனித்துப் படியுங்கள், அதில்தான் எழுதியவரின் மனநிலை இருக்கிறது. ‘ஐ’ என்றால் ஒப்புதல். ‘வி’ என்றால் பழியைப் பகிர்ந்துகொள்ளும் பெருந்தன்மை. ‘சம்ஒன்’ என்றால் ‘யார் என்று எனக்குத் தெரியும், நீங்களே சொல்லுங்கள்’ என்ற தொனி. ‘யூ’ என்று நேரடியாக வந்தால் கோபம் முற்றிவிட்டது என்று பொருள். ‘தி பால் வாஸ் டிராப்ட்’ என்று யாரையும் சுட்டாமல் வருவது பழியை யார் தலையிலும் வைக்க விரும்பாத மேலாளர்களின் நடை.

பதில் மூன்று வரி போதும். முதல் வரியில் ஒப்புதல்: ‘ஸாரி, ஐ டிராப்ட் தி பால் ஆன் திஸ்.’ அடுத்த வரியில் இப்போது என்ன செய்கிறீர்கள், எத்தனை மணிக்கு முடியும் என்பது. மணியைச் சொல்லும்போது இந்திய நேரம் என்று குறிப்பிடுங்கள். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. மூன்றாவது வரியில், இனி இது நடக்காமலிருக்க எதை மாற்றினீர்கள் என்பது. இரண்டாவது வரியை விட்டுவிட்டு ‘ஸாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்’ என்று மட்டும் முடிக்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். பந்தை மீண்டும் எடுத்தீர்களா என்பதுதான் எதிரில் இருப்பவரின் கேள்வி. அதற்கு அந்த வரியில் பதில் இல்லை.

சக ஊழியர்களுக்கான மெயிலில், பேச்சில், மீட்டிங்கில் இந்தத் தொடர் சரி. ஒப்பந்தம், சட்ட நோட்டீஸ், ராஜினாமாக் கடிதம் இவற்றில் வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை சில உண்டு. ‘தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ டென்னிஸிலிருந்து வந்தது. அடுத்து செய்ய வேண்டியது நீங்கள் என்று பொருள், அதில் தவறு எதுவும் இல்லை. ‘டிராப் எ பிரிக்’ என்று பிரிட்டிஷார் சொல்வது சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவது. புத்தாண்டு இரவில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நடக்கும் ‘பால் டிராப்’ கொண்டாட்டம். 1907 டிசம்பர் 31 அன்று தொடங்கியது. அதற்கும் முந்தைய ஒன்று, கடலோர மாவட்டக்காரர்களுக்குப் பிடிக்கும்: லண்டன் கிரீனிச் வானாய்வகத்தின் உச்சியில் 1833 முதல் ஒரு பெரிய பந்து தினமும் பகல் சரியாக ஒரு மணிக்குக் கீழே இறங்குகிறது. தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன. அங்கே பந்து விழுவதுதான் கடமை.

ஸ்லிப், லேப்ஸ், மிஸ்டேக், எரர், ஃபால்ட், பிளண்டர் – எல்லாவற்றுக்கும் ‘தவறு’ என்றே சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி உதாரணம் தர முடியுமா? – ஆசிரியை, குலசேகரம்

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரப்பர்த் தோட்டத்தைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஒரு மரத்தடியிலேயே எல்லாச் சொற்களும் கிடைக்கும்.

ரப்பர் பால் வெட்டும் கத்தி பட்டையைத்தான் சீவ வேண்டும், பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையான தடியைத் தொடக் கூடாது. ரப்பர் பால் ஊறும் குழாய்கள் நெருக்கமாக இருப்பது தடியை ஒட்டிய மென்பட்டையில். அதனால் கத்தி உள்ளே போகவும் வேண்டும், தடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கவும் வேண்டும். கை சற்று அழுந்தித் தடியில் பட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து அதே பட்டையில் மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது. வெட்டத் தெரியும், எங்கே வெட்டுவது என்றும் தெரியும், கை மட்டும் பிசகியது. இது ‘ஸ்லிப்’.

நன்றாக வெட்டிவிட்டு, பால் சேரும் தேங்காய்ச் சிரட்டையை நிமிர்த்தி வைக்க மறந்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டால் பால் மண்ணில். கை பிசகவில்லை, நினைவு பிசகியது. இது ‘லேப்ஸ்’.

காலை பத்து மணிக்கு வெட்டினாலும் ஒன்றுதான் என்று ஒருவர் முடிவு செய்கிறார். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போகிறது, பட்டைக் குழாய்களில் அழுத்தம் குறைகிறது, பால் ஒழுகுவது குறைகிறது. விடியற்காலையில் வெட்டுவதற்குக் காரணமே இதுதான். இவருக்குக் கையும் பிசகவில்லை, நினைவும் பிசகவில்லை. எடுத்த முடிவு தப்பு. இது ‘மிஸ்டேக்’.

ஒட்டுக் கட்டிய இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வராத இளமரங்களை, விலை நன்றாக இருக்கிறதென்று தோட்டம் முழுக்கப் பால் வெட்டத் தொடங்கினால் அது ‘பிளண்டர்’. யோசித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய, பெரிய இழப்பில் முடிகிற தவறுக்கே இந்தச் சொல். எழுத்துப்பிழைக்கு ‘பிளண்டர்’ என்று எழுதும் மாணவர்களைத் திருத்துங்கள்.

‘ஃபால்ட்’ என்பது தவறைவிட, தவறு யாருடையது என்பதைப் பேசும் சொல். ‘இட்ஸ் மை ஃபால்ட்’ என்றால் பழி என்னுடையது. இயந்திரத்தில் உள்ள கோளாறுக்கும் இதே சொல். ‘எரர்’ சற்று விலகி நின்று பேசும். கணக்கு, அளவு, கணினி, சட்டம் இவற்றுக்கு உரியது. ரப்பர் ஷீட்டை எடை போடும் தராசு இருபது கிராம் கூட்டிக் காட்டினால் அது எரர். தராசு ‘மிஸ்டேக்’ செய்யாது, ஏனென்றால் அது எதையும் முடிவு செய்வதில்லை.

மரபுத்தொடர்களையும் இதே தோட்டத்தில் காட்டலாம். மழை வருவதற்குள் பாலை எடுக்க வேண்டியவர் எடுக்காமல் விட்டு, சிரட்டையில் மழைநீர் நிரம்பிப் பால் வழிந்துபோனால் அவர் ‘டிராப்ட் தி பால்’. ‘ஒன்று விட்டு ஒன்று வெட்டு’ என்று முதலாளி சொன்னது ஒரு நாள் விட்டு ஒரு நாள். வேலைக்குப் புதிதாக வந்தவர் ஒரு மரம் விட்டு ஒரு மரம் என்று புரிந்துகொண்டார். அவர் ‘காட் தி ராங் எண்ட் ஆஃப் தி ஸ்டிக்’, கம்பின் தப்பான நுனியைப் பிடித்துக்கொண்டார். சொன்னதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இது வரும். ஓய்வே கொடுக்காமல் தினமும் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். அதிகம் எடுக்க நினைத்தவர் உள்ளதையும் இழந்தார். இது ‘ஷூட்டிங் யுவர்செல்ஃப் இன் தி ஃபுட்’, தன் காலில் தானே சுட்டுக்கொள்வது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்று நாம் சொல்வோம்.

பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், மொழி மேல் ஆசை வரும். ஸ்லிப் என்றால் வழுக்குவது. லேப்ஸ் என்ற சொல்லின் லத்தீன் வேரும் வழுக்குவதுதான். நம் இலக்கணத்தில் பிழைக்குப் பெயர் ‘வழு’, அதுவும் வழுக்குவதுதான். திருக்குறளில் (415) ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்று வழுக்கு நிலத்தில் ஊன்றும் கோலைச் சொல்கிறார் வள்ளுவர். அந்த இழுக்கலும் குற்றத்தைக் குறிக்கும் ‘இழுக்கு’ம் ஒரே வேர். கடலும் மலையும் தாண்டிய இரண்டு மொழிகள் தவறுக்கு ஒரே படத்தை எடுத்திருக்கின்றன: ஈர மண்ணில் சறுக்கும் கால். ‘எரர்’ மட்டும் வேறு, அதன் லத்தீன் வேர் அலைந்து திரிவது. நாம் ‘வழி தவறினான்’ என்கிறோமே, அதற்குப் பக்கம்.

வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குப் படிக்கும் நர்ஸ் நான். மருந்தை அளவு மாற்றிக் கொடுத்த சம்பவத்தைப் பற்றி இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதிப் பழகும்போது ‘ஐ டிராப்ட் தி பால்’ என்று எழுதலாமா? ‘மை பேட்’ என்று மேலதிகாரியிடம் சொல்லலாமா? – வாசகி, கருங்கல்

இரண்டும் வேண்டாம். காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது.

இன்சிடென்ட் ரிப்போர்ட்டைப் படிக்கிறவருக்கு என்ன நடந்தது என்பதுதான் வேண்டும். ‘பந்தைக் கைவிட்டேன்’ என்ற வரியில் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் இல்லை. உங்கள் குற்றவுணர்வு மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் வர வேண்டியது இப்படி: பாராசிட்டமால் 500 மி.கி. எழுதப்பட்டிருந்தது, 14:10 மணிக்கு 1000 மி.கி. கொடுக்கப்பட்டது, 14:20க்குத் தெரியவந்தது, பணியிலிருந்த மருத்துவருக்கு உடனே சொல்லப்பட்டது, நோயாளியின் நிலை இன்னது, அதன் பிறகு செய்தது இன்னது. நேரத்தை இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதுங்கள். ‘ஒருவேளை’, ‘நினைக்கிறேன்’, ‘யாரோ’ வேண்டாம். செயப்பாட்டு வினையில் எழுதினால் மறைப்பது போலாகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஆகாது. யார் கொடுத்தார் என்பதற்குப் படிவத்தில் தனி இடம் இருக்கும்.

அளவு எழுதும்போது ஒரு பூஜ்யம் உயிர் காக்கும், ஒரு பூஜ்யம் கெடுக்கும். அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் பூஜ்யம் வைத்து எழுத வேண்டும், வெறும் .5 என்றால் புள்ளி கண்ணில் படாமல் ஐந்தாகிவிடும். ஐந்தை 5 என்றே எழுத வேண்டும், 5.0 என்றால் புள்ளி மறைந்து ஐம்பதாகிவிடும். நோயாளியின் பதிவில் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, பழைய எழுத்து படிக்கக்கூடியதாக இருக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து.

குலசேகரத்து ஆசிரியைக்கு மேலே சொன்ன பிரிவு மருத்துவமனையில் உங்களுக்குப் பாடமாகவே வரும். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் மனிதத் தவறுகளைப் பற்றி எழுதிய நூலில் ஸ்லிப், லேப்ஸ், மிஸ்டேக் மூன்றையும் பிரித்துக் காட்டினார். விமானத்துறையும் மருத்துவமும் அதை எடுத்துக்கொண்டன. அலமாரியில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு குப்பிகளில் பக்கத்துக் குப்பியை எடுப்பது ஸ்லிப். எட்டு மணி மருந்தை மறப்பது லேப்ஸ். நோயைத் தப்பாகக் கணித்து அதற்கேற்ற மருந்தைச் சரியாகக் கொடுப்பது மிஸ்டேக். விதி தெரிந்தும் மீறுவது தனி, அதற்கு ‘வயலேஷன்’. இப்படிப் பிரிப்பதன் பயன் திருத்தத்தில் இருக்கிறது. ஸ்லிப்புக்குப் ‘பயிற்சி கொடு’ என்றால் பயனில்லை, அவருக்கு வேலை தெரியும். குப்பிகளைத் தள்ளி வைக்க வேண்டும். மிஸ்டேக்குக்குத்தான் பயிற்சி. நோயாளியிடம் போகும் முன்பே பிடிபட்டுவிட்டால் ‘நியர் மிஸ்’, நூலிழையில் தப்பியது. அதையும் பதிவு செய்ய வேண்டும். ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை தப்பாமல் போகலாம்.

‘மை பேட்’ என்றால் ‘என் தப்புதான்’, நண்பர்களுக்குள் சொல்வது. தேநீரில் சர்க்கரை கூடிப்போனால் சொல்லலாம். நோயாளிக்கு நேர்ந்ததற்குச் சொன்னால் அலட்சியமாக ஒலிக்கும். மேலதிகாரியிடம் ‘ஐ மேட் எ மிஸ்டேக் வித் தி டோஸ்’ என்று நேராகச் சொல்லுங்கள். ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொல். அதில் மரபுத்தொடருக்கு இடமே இல்லை. ஆனால் அங்கே வார்டில் உடன் வேலை செய்கிறவர்கள் ‘ஹி ஃபெல் த்ரூ தி கிராக்ஸ்’ என்று சொன்னால் புரிய வேண்டும்: நோயாளி கீழே விழவில்லை, இரண்டு துறைகளுக்கு நடுவே கவனிக்க ஆளில்லாமல் விடுபட்டுப்போனார் என்று பொருள். இதற்கும் பந்தைக் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே பந்து யார் கைக்கும் வரவே இல்லை.

கோர்ட் தீர்ப்பாணையில் எங்கள் சர்வே எண் ஓர் இலக்கம் மாறி அச்சாகியிருக்கிறது. வக்கீல் ‘ஆக்சிடென்டல் ஸ்லிப், பயப்பட வேண்டாம்’ என்கிறார். ஸ்லிப் என்றால் சின்ன விஷயமா? – வாசகர், பத்மநாபபுரம்

சின்னதோ பெரியதோ, ‘ஸ்லிப்’ என்பது அங்கே சட்டச் சொல்லாகவே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, தீர்ப்பிலும் தீர்ப்பாணையிலும் உள்ள எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, ‘ஆக்சிடென்டல் ஸ்லிப் ஆர் ஒமிஷன்’ அதாவது தற்செயலான பிசகு அல்லது விடுபாடு, இவற்றால் வந்த பிழைகளை எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றம் தானாகவோ மனுவின் பேரிலோ திருத்தலாம் என்கிறது. நீதிபதி நினைத்தது ஒன்று, தாளில் விழுந்தது வேறு என்றால்தான் இது. நீதிபதி நினைத்ததே தப்பு என்பது உங்கள் வாதமானால் இந்தக் கதவு திறக்காது. மேல்முறையீடு, மறுஆய்வு என்று வேறு வழி. கை பிசகியதா, முடிவு பிசகியதா என்று ரப்பர் மரத்தடியில் பார்த்த அதே கோடுதான் இங்கேயும். பிழை கோர்ட் ஆணையில் இல்லாமல் நீங்கள் பதிவு செய்த பத்திரத்திலேயே இருந்தால் அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டியிருக்கும். இரண்டில் எது என்று மூலப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.

‘புட் யுவர் ஃபுட் இன் இட்’ என்றால் நாக்குத் தவறுவதா? – கல்லூரி மாணவி, தக்கலை

இல்லை. நாக்குத் தவறுவது ‘ஸ்லிப் ஆஃப் தி டங்’. கல்யாண வீட்டில் மணப்பெண்ணை அவள் அக்கா பெயரால் கூப்பிட்டுவிட்டால் அதுதான். உங்களுக்குச் சரியான பெயர் தெரியும், வாயில் வேறு வந்துவிட்டது.

‘ஃபுட் இன் இட்’ வேறு. சொன்ன சொல்லில் பிழை இருக்காது, சொன்ன இடம்தான் பிழை. நிச்சயம் முறிந்துபோனது தெரியாமல் அந்த வீட்டுக்கே போய், ‘மாமி, கல்யாணம் எந்த மண்டபத்தில?’ என்று பிரியமாகக் கேட்கிறீர்கள். வீடு அமைதியாகிவிடுகிறது. வாக்கியம் சரி, அன்பும் உண்மை, ஆனால் காலைச் சேற்றில் வைத்தாயிற்று. பிரிட்டிஷ் வழக்கில் ‘இன் இட்’, அமெரிக்க வழக்கில் ‘இன் யுவர் மவுத்’, வாய்க்குள் கால். வேண்டுமென்றே புண்படுத்தியவருக்கு இது பொருந்தாது. தெரியாமல் செய்ததாக இருக்க வேண்டும். ‘ஐ ரியலி புட் மை ஃபுட் இன் இட்’ என்று தன்னைப் பற்றிச் சொல்வது இயல்பு. யாராவது ரகசியத்தை உளறியிருந்தால் அது பையிலிருந்து பூனையை வெளியே விட்ட கதை, இது அல்ல. ‘புட் யுவர் ஃபுட் டவுன்’ என்பது பிடிவாதமாக நிற்பது. கடைசிப் பகுதி மட்டும்தான் வித்தியாசம், கவனம்.

‘ஐ டிட் எ மிஸ்டேக்’ தவறா? ‘கமிட்டட் எ மிஸ்டேக்’ என்று பெரியவர்கள் எழுதுகிறார்களே? – பிளஸ் டூ மாணவர், பூதப்பாண்டி

‘தப்பு செய்தேன்’ என்ற நம் ‘செய்’தான் ‘டிட்’டாகக் குதித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மிஸ்டேக்கை ‘மேக்’ பண்ண வேண்டும்: ‘ஐ மேட் எ மிஸ்டேக்’. ‘கமிட்’ குற்றம், பாவம் இவற்றோடு சேரும். ‘கமிட் அன் எரர்’ முறையான நடையில் உண்டு. மிஸ்டேக்கோடு அதைச் சேர்ப்பது இந்தியாவில் பரவலான வழக்கம், தேர்வில் தவிர்த்துவிடுங்கள். தெரியாமல் என்பதற்கு ‘பை மிஸ்டேக்’. ‘இன் மிஸ்டேக்’ இல்லை. ஆனால் எரருக்கு ‘இன் எரர்’.

‘ஈவன் ஹோமர் நாட்ஸ்’ என்றால் ஹோமரே தலையாட்டி ஒப்புக்கொண்டார் என்றுதானே? – வாசகர், கொட்டாரம்

‘நாட்’ இங்கே ஒப்புதலுக்கு ஆட்டும் தலை அல்ல, தூக்கத்தில் விழும் தலை. மகாகவி ஹோமரும் சில இடங்களில் கண்ணயர்ந்துவிடுகிறார் என்று ரோமானியக் கவி ஹொரேஸ் கவிதைக் கலையைப் பற்றிய தன் படைப்பில் சொன்னதிலிருந்து வந்தது. நமக்கு ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’. ஆனையைப் பற்றித்தான் சொல்ல முடியும்: துறையில் பெரியவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒருவரின் சிறு பிசகுக்கு, மரியாதை குறையாமல். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் தற்பெருமை. இன்று பேச்சில் அரிது, கட்டுரையில் பார்க்கலாம்.

ஒரு அரசியல்வாதி ‘மியா கல்பா’ சொன்னதாகச் செய்தியில் படித்தேன். சின்ன வயதில் கோவிலில் கேட்ட மாதிரி இருக்கிறது. அதுதானா? – வாசகர், குளச்சல்

அதேதான். கத்தோலிக்கக் கோவில்களின் லத்தீன் பூசையில் நெஞ்சில் மூன்று முறை தட்டிக்கொண்டு சொன்ன ‘மெயா குல்பா, மெயா குல்பா, மெயா மாக்சிமா குல்பா’. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழில் வந்தபோது ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ ஆனது. கடற்கரை ஊர்களில் வயதானவர்களுக்கு இரண்டும் காதில் இருக்கும்.

ஆங்கிலச் செய்தியில் அது பெயர்ச்சொல்லாகிவிட்டது. ‘ஏ மியா கல்பா’ என்றால் ஊரறியத் தன் தவறை ஒப்புக்கொண்ட ஓர் அறிக்கை. ‘ஹி இஷ்யூட் எ மியா கல்பா’ என்று எழுதுவார்கள். ‘குல்பா’ லத்தீனில் குற்றம், பழி. அதே வேரிலிருந்து வந்ததுதான் குற்றவாளியைக் குறிக்கும் ‘கல்ப்ரிட்’. ஆகவே இது ஸ்லிப்புக்கோ லேப்ஸுக்கோ ஆன சொல் அல்ல. பழி என்னுடையது என்று ஏற்பவரின் சொல். ‘தவறு நடந்திருந்தால் வருந்துகிறேன்’ என்று ஒருவர் சொன்னதற்கு இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. அந்த ‘இருந்தால்’ வந்த இடத்திலேயே நெஞ்சில் வைத்த கை கீழே இறங்கிவிடுகிறது. நீங்கள் படித்த செய்தியில் அவர் சொன்ன வரியை மறுபடி எடுத்துப் பாருங்கள். ‘என்’ இருக்கிறதா என்று.